புதுச் சட்டக் கல்லூரியை நம்பி ஊர் மாறலாமா?

ராஜபாளையத்திலிருந்து என் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, எல்.எல்.பி. சீட் கிடைச்சிருச்சு. பார் கவுன்சில் அப்ரூவல் இப்பத்தான் வந்த காலேஜ். குடும்பத்தோட அங்கயே போயிரலாமான்னு யோசிக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?" பார் கவுன்சில் என்பது வக்கீல்களையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் அமைப்பு. அவளுக்கு வயது இருபத்தாறு, ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை. கணவருக்கும் உள்ளூரில்தான் வேலை. மூன்று வயதில் ஒரு மகன். கல்லூரி இருப்பதோ பஸ்ஸில் நாலரை மணி நேரம் தள்ளி.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018இல் இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வயதில், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய் மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தேன். நான் சேர்ந்தபோது அந்தக் கல்லூரிக்கு வயது இரண்டு. ஒரு செட் மாணவர்கூடப் படித்து வெளியே வந்திருக்கவில்லை. இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். போனது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சில விஷயங்களைத் தெரியாமல் போய்விட்டு, போன பிறகு ராத்தூக்கம் இல்லாமல் தெரிந்துகொண்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவளைப்போல் யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் காகிதம்

"அப்ரூவல் வந்துவிட்டது" என்று கல்லூரியில் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, எந்த அப்ரூவல், எத்தனை வருடத்துக்கு, எந்தப் படிப்புக்கு என்பது. ஒரு சட்டக் கல்லூரி நடக்க மூன்று இடத்தில் சம்மதம் வேண்டும்: மாநில அரசின் தடையில்லாச் சான்று, பல்கலைக்கழகத்தின் இணைவு, இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம். தமிழ்நாட்டில் இணைவு என்றால் பெரும்பாலும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இதில் மூன்றாவதுதான் உங்களை வக்கீலாக்குகிறது. தாய் நிறுவனத்துக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு பெரிய கிரேடு கொடுத்திருக்கலாம், யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் பெயர் இருக்கலாம். இரண்டும் நல்ல விஷயம்தான். ஆனால் பார் கவுன்சில் கடிதத்தின் இடத்தை அவை நிரப்பாது.

அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிப் படியுங்கள். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரவேண்டாம். 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள்படி வழக்கமான அங்கீகாரம் ஒரே தடவையில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். புதுக் கல்லூரிகளுக்கு ஓரிரு ஆண்டுக்கு மட்டும் தருவது உண்டு. கடிதத்தில் ஒரு வருடம்தான் இருக்கிறது, உங்கள் படிப்பு மூன்று வருடம் என்றால், நீங்கள் உள்ளே இருக்கும்போதே குறைந்தது ஒரு முறையாவது இன்ஸ்பெக்‌ஷன் வரும், புதுப்பித்தல் வரும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

அடுத்து, எத்தனை செக்‌ஷன் என்று பாருங்கள். ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர். கடிதத்தில் ஒரு செக்‌ஷன் என்றிருக்க, வகுப்பில் தொண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தால், அந்த முப்பது பேரில் ஒருவராக நீங்கள் இருக்கக் கூடாது. மூன்றாண்டுப் படிப்புக்கான அங்கீகாரமா, ஐந்தாண்டுப் படிப்புக்கானதா என்பதையும் விடாமல் பாருங்கள். ஒன்றுக்கு வாங்கியதைக் காட்டி இன்னொன்றுக்கும் சேர்க்கை நடத்துவது நம் பக்கம் கேள்விப்படாத விஷயம் இல்லை.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பதுபோலத் தோன்றலாம். பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் சட்டம் படித்தவரே வக்கீலாகப் பதிவு செய்ய முடியும் என்று கவுன்சில் விதி வைக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜூனில், ஒரிசா உயர் நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னதை ரத்து செய்து, அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கல்லூரியின் குறைக்கு மாணவர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். படித்தது வீணா என்று அப்புறம் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கவா ஊர் மாறுகிறோம்?

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் பார் கவுன்சில் புதுச் சட்டக் கல்லூரிகளுக்கு மூன்று வருடத் தடை அறிவித்தது. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளும் முன் அனுமதி இல்லாமல் புது செக்‌ஷனோ புதுப் படிப்போ தொடங்க முடியாது. ஆகவே, "அடுத்த வருஷம் ஹானர்ஸ் வரப்போகுது, இன்னொரு செக்‌ஷன் வரப்போகுது, நீங்க இப்பச் சேர்ந்துக்கோங்க" என்று யாராவது சொன்னால், வரப்போவதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று கடிதத்தில் இருப்பது மட்டும்தான் உங்களுடையது.

நான் இந்தக் காகிதத்தில் ஏமாறவில்லை, ஆனால் அரைகுறையாகப் படித்தேன். நான் சேர்ந்த கல்லூரிக்கு அந்தந்தக் கல்வியாண்டுக்குத்தான் அங்கீகாரம் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டு தொடங்க வேண்டிய நேரத்தில் கடிதம் வரவில்லை. ஏழு வாரம் வகுப்பு இல்லை. "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருச்சு, லெட்டர் வந்துரும்" என்பதுதான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களுக்குக் கிடைத்த பதில். அந்த ஏழு வாரமும் நான் அந்த ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மாமியார் மட்டும், "வராட்டி என்ன, ஊருக்குப் போவோம், அச்சகம் அங்கேதானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கடிதம் வந்தது. அதற்கு முன்னால் நான் அழுத அழுகை அவருக்குத்தான் தெரியும்.

ஒரு முழு நாள் அங்கே போய் இருங்கள்

சேர்க்கை அலுவலகத்துக்குப் போவது வேறு, கல்லூரியைப் பார்ப்பது வேறு. செவ்வாய், புதன் போல ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். விழா நாளிலோ சேர்க்கை நாளிலோ போனால் மேளமும் மாலையும்தான் கண்ணில் படும். விதிப்படி வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு நடக்க வேண்டும். பதினொன்றரைக்கு வராந்தாவில் நின்றால் எத்தனை அறையில் குரல் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

நான் இரண்டு கல்லூரி பார்த்தேன். முதலாவது, நெடுஞ்சாலை ஓரத்தில் வெள்ளை வெளேரென்ற புதுக் கட்டடம். குளிர்சாதன அரங்கம், மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் நீதிபதி நாற்காலிக்கு மேல் சிங்க முத்திரை, எல்லாம் பளபளப்பு. என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நூலகத்துக்குப் போனோம். ஏ.ஐ.ஆர். எனும் தீர்ப்புத் தொகுதிகள் வரிசையாக இருந்தன, ஆனால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. மேசைமேல் புத்தகம் கொடுக்கும் பதிவேடு இருந்தது. அச்சகத்தில் கணக்கு எழுதியவள் ஆயிற்றே, பதிவேட்டைக் கண்டால் கை தானாகப் போகும். கடைசியாகப் புத்தகம் எடுத்துப்போன தேதி இரண்டரை மாதத்துக்கு முந்தையது. அதற்கு மேலே எட்டே வரிகள். இருநூறு பேர் படிக்கும் கல்லூரியில் எட்டு வரி.

இரண்டாவது, வாடகைக் கட்டடம். மாடிப்படி குறுகல், தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் ஒப்பந்தச் சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தால் ஓரமெல்லாம் மடங்கி, பென்சில் கோடு, நடுவில் ஒரு பஸ் டிக்கெட். ஒரு வகுப்பில் சாட்சியச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை ஒரு மாணவனை எழுப்பி, "நீ பார்த்ததைச் சொல்லு, கேட்டதைச் சொல்லாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவருகே நின்று பத்து நிமிடம் கேட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு முடிவு பாதி வந்தது.

இப்போது நூலகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதிநியம் மூன்றும் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்த மூன்றுக்கும் விளக்கவுரைப் புத்தகங்கள் எத்தனை பிரதி இருக்கின்றன என்று கேளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்களா என்றும் கேளுங்கள். 2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்த குற்றங்களுக்கான வழக்குகள் பழைய தண்டனைச் சட்டத்தின் கீழ்தான் இன்னும் நடக்கின்றன, ஆகவே இரண்டும் வேண்டும். இந்தக் கேள்விக்கு நூலகர் சட்டென்று பதில் சொன்னால், அங்கே யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆசிரியர்களை எண்ணுங்கள். விதிப்படி, மூன்றாண்டு, ஐந்தாண்டு இரண்டு படிப்பும் நடத்தும் கல்லூரியில் முழுநேர ஆசிரியர்கள் அங்கீகாரம் கிடைத்த முதல் ஆண்டில் ஆறு பேர், இரண்டாம் ஆண்டில் எட்டு, மூன்றாம் ஆண்டில் பத்துப் பேராவது இருக்க வேண்டும். இணையப் பக்கத்தில் போட்டோவோடு இருபது பேர் இருக்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிற கால அட்டவணையைப் பாருங்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது எத்தனை பெயர்? நான் பார்த்த வெள்ளைக் கட்டடத்தில் நான்கு. மற்றதெல்லாம் கட்டத்துக்குள் கோடு.

அப்புறம் வெளியே வந்து டீக்கடையில் உட்காருங்கள். இது ரொம்ப முக்கியம். மூன்றாம் ஆண்டு பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். அதனால் குறிப்பாகக் கேளுங்கள். போன செமஸ்டர் தேர்வு முடிவு எந்த மாதம் வந்தது? சாட்சியச் சட்டத்தை யார் எடுத்தார், பாதியில் விட்டுப் போனாரா? ஒரிஜினல் மார்க் ஷீட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது. அதை மீறி வாங்கிப் பூட்டுகிற இடம் என்றால், நாளைக்கு நீங்கள் வெளியேற நினைத்தால் எப்படி நடத்துவார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

முதல் செட் படித்து முடித்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வக்கீலாகப் பதிவு (என்ரோல்) செய்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வக்கீல் தொழிலைத் தொடர எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வை எத்தனை பேர் முதல் முறையிலேயே எழுதித் தேறினார்கள் என்றும் கேட்கலாம். விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு அது, பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் போதும். கல்லூரியில் சட்டப் புத்தகத்தைப் புரட்டப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை.

கட்டடத்தைவிடப் பக்கத்துக் கோர்ட்டு

என்னைக் கேட்டால், புதுக் கல்லூரி விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட ஒரு கேள்விதான் பெரிது: கல்லூரியிலிருந்து நீதிமன்றம் எவ்வளவு தூரம்?

பழைய கல்லூரிகளுக்கு அவற்றின் முன்னாள் மாணவர்களே பலம். மதுரை அரசு சட்டக் கல்லூரி 1974இல் தொடங்கியது. தென் மாவட்டத்தில் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அங்கே படித்த சீனியர் ஒருவர் இருப்பார், "நம்ம காலேஜா, வா" என்று கூப்பிடுவார். புதுக் கல்லூரிக்கு அந்தச் சொத்து கிடையாது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்பக்கூடியது பக்கத்தில் இருக்கிற கோர்ட்டு ஒன்றுதான்.

பாடத்திட்டமே அதைக் கேட்கிறது. மூட் கோர்ட் தாளில் ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு என்று இரண்டு விசாரணைகளை நேரில் கவனித்து எழுத வேண்டும், அதற்கே 30 மதிப்பெண். மூன்றாண்டுப் படிப்பில் மொத்தம் 12 வாரம் இன்டர்ன்ஷிப் போக வேண்டும், தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. கோர்ட்டு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் இதெல்லாம் பதிவேட்டில் மட்டும்தான் நடக்கும். பலர் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி ஒப்படைப்பார்கள். மதிப்பெண் வரும், வேலை வராது.

நான் சேர்ந்த கல்லூரியிலிருந்து மாவட்ட நீதிமன்றம் நடந்து போனால் பதினெட்டு நிமிடம். மதியம் வகுப்பு இல்லாத நாளெல்லாம் போய்விடுவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. பெஞ்ச் கிளார்க் பெயர் கூப்பிடுவதும், வாய்தா போடுவதும், கட்டுகள் கைமாறுவதும்தான் தெரியும். மூன்றாவது மாதம் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் குறுக்கு விசாரணை பார்த்தேன். சாட்சிக்கூண்டில் எழுபது வயதுப் பாட்டி. எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, அந்தக் கிணத்துல கடைசியா எப்பத் தண்ணி எறைச்சீங்க?" என்று கேட்டார். பாட்டி ஒரு வருடத்தைச் சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடத்துக்குள் அந்தக் கேஸ் முழுவதும் இருக்கிறது என்பது எனக்கு அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புரிந்தது. எந்த அரங்கத்திலும் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று வருடம் நீங்கள் பழகுவது அந்த ஊர்க் கோர்ட்டு. அந்த ஊர் வக்கீல்கள், அந்த ஊர்க் குமாஸ்தாக்கள். படிப்பு முடிந்து சொந்த ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. சீனியர் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. ஆகவே, ஊர் மாறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்தக் கோர்ட்டில் தொழில் செய்யப்போகிறீர்கள்? போகிற ஊரிலேயே நிலைத்துவிடப் போகிறீர்கள் என்றால் மாறுவதில் இரட்டை லாபம். திரும்பி வரப்போகிறீர்கள் என்றால், இன்டர்ன்ஷிப் வாரங்களைச் சொந்த ஊர்க் கோர்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு சீனியர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தொழில் பார்க்க ஆசை என்றால், மதுரைக்கு எட்டாத தூரத்தில் மூன்று வருடம் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீடும் பணமும்

கல்லூரிக் கட்டணத்தைத்தான் எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். மூன்று வருடக் கட்டணம் ஒன்றரை லட்சம். வாடகை மாதம் 5,500, முப்பத்தாறு மாதத்துக்கு 1,98,000. வேலையை விட்டதால் போன சம்பளம் மாதம் 11,000, அதுவே 3,96,000. மூன்றும் சேர்ந்து ஏழு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். அதில் கட்டணம் கால் பங்குகூட இல்லை. கட்டணத்தில் பத்தாயிரம் குறைத்துத் தருகிறோம் என்று ஒரு கல்லூரி சொல்வதை வைத்து ஊர் மாறுவது எவ்வளவு தப்பான கணக்கு என்று இதிலிருந்தே தெரியும்.

இதோடு நான்காவது வருடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ரோல்மென்ட் கட்டணம் இப்போது குறைந்துவிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும் பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாங்கள் பல ஆயிரம் கட்டினோம். ஆனால் ஜூனியராக உட்காரும் முதல் வருடம் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப் பகுதிகளில் 15,000 கொடுக்கச் சொல்லி 2024இல் பார் கவுன்சில் பரிந்துரைத்திருக்கிறது. கையில் வருவது சீனியரைப் பொறுத்தது. என் கைக்கு முதல் ஆறு மாதம் வந்தது மூவாயிரம். ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் கிளம்ப வேண்டாம்.

வேலையைத் தொடர்ந்துகொண்டே படிக்கலாம், கல்லூரிக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்கிற இடங்களும் இருக்கின்றன. நம் ஆட்கள் அதை லெட்டர்பேட் கல்லூரி என்பார்கள். எனக்கும் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு தரகர் மூலமாக அந்த அழைப்பு வந்தது. ஊர் மாற வேண்டாம், செலவும் பாதி. விதிப்படி 70 சதவீத வருகை வேண்டுமே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வேண்டாம் என்றேன். பொய்யான வருகைப் பதிவேட்டில் தொடங்கிவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு சாட்சியைச் சத்தியம் செய்யச் சொல்வது?

வீடு பார்க்கும்போது கல்லூரிக்குப் பக்கத்தில் பார்க்காதீர்கள். குழந்தை இருந்தால் பள்ளிக்குப் பக்கத்தில் பாருங்கள். கல்லூரிக்கு நீங்கள் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கப்போவது வீட்டில் இருக்கும் பெரியவர்தான். என் மாமியாருக்கு முழங்கால் வலி. பள்ளி நான்கு வீடு தள்ளி இருந்ததால்தான் அந்த மூன்று வருடம் ஓடியது. குழந்தையின் டி.சி.யைக் கல்வியாண்டு நடுவில் வாங்குகிற நிலை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டக் கல்லூரிச் சேர்க்கை பள்ளி திறந்து பல வாரம் கழித்துத்தான் முடியும், அதனால் இது அடிக்கடி நடக்கிறது.

முதல் மாதமே மொத்தச் சாமானையும் குட்டியானையில் ஏற்றிவிடாதீர்கள். இது நான் செய்த தப்பு. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் கொண்டுபோனேன், அட்வான்ஸ் நாற்பதாயிரம் கொடுத்தேன். ஒரு மாதம் மகளிர் விடுதியில் தங்கி, வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும்போது, பதினோரு மாதத்துக்கு முன்னால் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் படிக்கப் போகிறவர்கள் வாய் வார்த்தையில் வீடு பிடிக்கக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரி மூடியபோது நாங்கள் சிவகாசிக்குத் திரும்பிவிட்டோம். சாமான் அங்கேயே மாட்டிக்கொண்டது. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஐந்து மாதம் வாடகை கட்டினேன்.

கணவன் மனைவி பிரிந்திருக்கப் போகிறீர்கள் என்றால், "வாரா வாரம் வந்துவிடுவேன்" என்ற வாக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். அவரவர் தொழிலின் காலண்டரை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே காலண்டர்தான். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டால் சிவகாசி அச்சகங்களுக்கு மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. என் கணவரும் அச்சகத்தில்தான் வேலை. எனக்கு நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. அவர் ரொம்பத் தேவைப்பட்ட மாதங்களில்தான் அவரால் வர முடியவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதத்துக்கு என் அம்மாவை வரச் சொல்லியிருப்பேன். இரண்டாம் வருடத்திலிருந்து அப்படித்தான் செய்தோம்.

யார் மாறலாம், யார் வேண்டாம்

பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளை என்றால், புதுக் கல்லூரிக்காகக் குடும்பமே மாறுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து வருடம் நீண்ட காலம். விடுதியில் சேருங்கள். கவுன்சிலிங்கில் பழைய அரசுக் கல்லூரி ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் அதற்கு ஒரு வருடம் காத்திருந்தாலும் தப்பில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, மிச்சமாகும் பணத்தில் விடுதி, புத்தகம், சென்னைக்கு இன்டர்ன்ஷிப் எல்லாம் முடிந்துவிடும்.

வேலையும் குடும்பமும் உள்ள முப்பது வயதுக்காரருக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவருக்கு ஒரு வருடம் என்பது பெரிய விலை. கடிதம் சரியாக இருந்து, நூலகத்தில் புத்தகம் மடங்கியிருந்து, கோர்ட்டு பக்கத்தில் இருந்து, நான்கு வருடச் செலவுக்கு வழியும் இருந்தால் போகலாம். இதில் கடிதம் சரியில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். புத்தகமும் ஆசிரியரும் இல்லையென்றாலும் வேண்டாம். கோர்ட்டு தூரம் என்பது மட்டும்தான் குறை என்றால், விடுமுறைகளில் சொந்த ஊர்க் கோர்ட்டில் உட்காரும் பிடிவாதம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

போகும் முன், கல்லூரியில் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் புதுப்பிக்கப்படாவிட்டால் நடப்பு மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு, வேறு கல்லூரிக்கு மாற்ற யார் பொறுப்பு? ஒரு மின்னஞ்சல் போதும். பதில் நன்றாக வந்தால் பத்திரமாக வையுங்கள். மழுப்பலாக வந்தாலும், பதிலே வராவிட்டாலும், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே கேள்வியைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள். நடுவில் கல்லூரி மாறுவது நினைத்தவுடன் நடக்கிற காரியமில்லை, அதன் விதி என்னவென்று சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சித்தி மகள் அந்த மின்னஞ்சலை நேற்று அனுப்பிவிட்டாள். வியாழக்கிழமை அவளும் கணவரும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிறார்கள். மகனைச் சித்தி பார்த்துக்கொள்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் டவுன் பஸ்ஸில் போகச் சொல்லியிருக்கிறேன், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று குறித்துக்கொள்ளவும் சொன்னேன். கல்லூரியைப் பார்த்துவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்து போய், வாசலில் இருந்து எனக்கு போன் செய்வாள். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பற்றி அதற்குப் பிறகுதான் பேசவேண்டும் என்று சித்தியிடமும் சொல்லிவிட்டேன்.